கெட்டிமேளத்துக்கு முன்னால் வாசித்தது

நாள் 1: தஞ்சாவூர்

பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது என் கல்யாண வீடியோ கிடைத்தது. பதினோரு வருஷம் கழித்து அப்பாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். முகூர்த்தத்துக்கு முன்னால் ஏழெட்டு நிமிடம் மேளக்காரர் ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறார். காமிரா அவர் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பந்தி பேச்சு, பட்டுப்புடவைப் பேச்சு, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். அதற்கெல்லாம் பின்னால் நாகஸ்வரம் மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று பெரிய மாமா விரலை உயர்த்தி ஆட்டுகிறார்: "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" ஏறிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுபோகிறது.

அப்பா ரிமோட்டை வாங்கிப் பின்னால் தள்ளிப் போட்டார். மறுபடி கேட்டார். "தோடி ராகம்மா. எவ்வளவு நிதானமா கொண்டு வந்திருக்கான் பாரு. ஒருத்தனும் கேக்கலியே" என்றார். அவர் குரல் கம்மிவிட்டது. அந்த மேளக்காரரின் பெயர் எங்கள் இருவருக்குமே ஞாபகம் இல்லை.

அதனால்தான் இந்தப் பயணம். அப்பா பிறந்து வளர்ந்தது கும்பகோணம். இந்த வாசிப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறேன், வா என்று கூட்டி வந்திருக்கிறார். தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன் எழுதிப் போட்டுவிடுவதாக உத்தேசம்.

காலையில் பெரிய கோயில். அப்பா நேராக என்னை வெளிச்சுவர்க் கல்வெட்டுப் பக்கம் கூட்டிப் போனார். ராஜராஜன் இந்தக் கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல். கட்டியதோடு விடவில்லை. இங்கே ஆடுவதற்காக 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்து, ஒவ்வொருவர் பெயரும், வந்த ஊரும், குடியிருந்த வீடு தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது என்பதும் கல்லில் வெட்ட வைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். நட்டுவனார், வங்கியம் ஊதுபவர், வீணை வாசிப்பவர், உடுக்கை அடிப்பவர் என்று எல்லோருக்கும் கணக்கு உண்டு. திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாட 48 பேர். அவர்களோடு உடுக்கை ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர். ஆக ஐம்பது பேர், ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உடுக்கைக்காரருக்கு என்ன கூலி என்று தெரிகிறது. பதினோரு வருஷத்துக்கு முன் என் கல்யாணத்தில் வாசித்தவர் பெயர் தெரியவில்லை. சுவரில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மத்தியானம் வீணை செய்யும் பட்டறை ஒன்று. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம்தான் வேண்டும் என்கிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. நாங்கள் போனபோது ஒருவர் வீணையில் மெட்டு, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் குறுக்குக் கம்பிகள், வைத்துக்கொண்டிருந்தார். தண்டியின் இரு ஓரமும் கறுப்பு மெழுகு, அதன்மேல் 24 பித்தளை மெட்டுகள். மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாக அழுத்தி, தந்தியை மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மயிரிழை அளவு நகர்த்தி, மறுபடி மீட்டிப் பார்க்கிறார். அளவுகோல் எதுவும் கையில் இல்லை. ஒரு மெட்டுக்கு எத்தனை தடவை கேட்டார் என்று எண்ண ஆரம்பித்தேன். பதினெட்டில் எண்ணிக்கை தவறிவிட்டது.

நாள் 2: திருவையாறு

தியாகராஜர் ஆராதனை முடிந்துவிட்டது தெரிந்தேதான் வந்தோம். பந்தல் கால்களைப் பிடுங்கிய குழிகளில் மணல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்துப் பஞ்சரத்தினங்களையும் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடும் இடம். இன்றைக்கு ஒரு காகம், ஒரு பூக்காரம்மா, நாங்கள் இரண்டு பேர். ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதற்குப் பின் வந்தால் காவிரி இப்படித்தான் இருக்கும், மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டமாக.

தியாகராஜர் சித்தியடைந்தது 1847-இல். அதற்குப் பிறகு சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தச் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பினார். தேவதாசி மரபில் வந்தவர். அன்றைக்கு ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி கிடையாது. கோயில் கட்டிய பெண்ணே அங்கே பாட முடியாத நிலை. 1927-இல் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1952-இல் காலமான அவருக்கும் இங்கேயே, தியாகராஜரைப் பார்த்தபடி, நினைவிடம் இருக்கிறது. பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினேன். ஒரு முழம் ஐயருக்கு, ஒரு முழம் அம்மாளுக்கு.

அசோகா அல்வா வாங்கிக்கொண்டு கும்பகோணம் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இன்று இவ்வளவுதான். நாளைக்குத்தான் அப்பா காத்துக்கொண்டிருக்கும் நாள்.

நாள் 3: நரசிங்கம்பேட்டை, திருவாவடுதுறை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறை தாண்டி நரசிங்கம்பேட்டை. சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை நெல் காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் நுழைந்து நாகஸ்வரம் செய்யும் தெரு எது என்று கேட்டதும் ஒரு பையன் சைக்கிளில் முன்னால் போய் வழி காட்டினான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இதைச் செய்யும் குடும்பங்கள் மிகவும் குறைவு.

நாங்கள் போன வீட்டில் பெரியவர் ஒருவரும் அவர் மகனும். வாசலிலேயே பழைய தூண் ஒன்று சாய்த்து வைத்திருந்தது.

"இதுவா? ஒரு வீட்டு திண்ணைத் தூணு பாப்பா. வீட்ட இடிச்சாங்க, போயி வாங்கியாந்தோம்."

நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தான். அதுவும் வெட்டிய மரம் உதவாது. தூணாகவோ உத்திரமாகவோ ஒரு வீட்டில் நாலைந்து தலைமுறை நின்று, ஈரமெல்லாம் வற்றி இறுகியிருக்க வேண்டும். "பச்சை மரத்துல போட்டா வெடிச்சிரும். நாதமும் வராது. மரத்துக்கு வயசு ஆவணும்" என்றார் பெரியவர். ஊதுபவரின் எச்சில் ஈரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். அதையும் தாங்கியாக வேண்டும்.

அந்தத் தூணைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு. ஆணி அடித்த ஓட்டைகள் ஐந்தாறு. மாவிலைத் தோரணத்துக்கு அடித்தவையாக இருக்கும். உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. எத்தனை பேர் தலை சாய்த்த இடம்! அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, "எங்க தாத்தா வீட்டுத் தூணுலயும் இப்படித்தான் இருக்கும்" என்றார். ஆணி ஓட்டை இல்லாத பாகமாகப் பார்த்துத்தான் துண்டு போட முடியும். ஒரு தூணில் எத்தனை வாத்தியம் தேறும் என்பது அறுத்துப் பார்த்த பிறகே தெரியும்.

துண்டைக் கடைசலில் கொடுத்து உருட்டி, நீளத் துரப்பணத்தால் நடுவே துளைக்கிறார்கள். மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் துளை. இந்த உடம்புக்கு உலவு என்று பெயர். அடியில் பூப்போல விரியும் பாகம் அணசு. அதற்கு வாகை மரம். விரல் வைத்து வாசிக்க ஏழு துளை. அதற்குக் கீழே விரல் படாத துளைகள் ஐந்து. அவை எதற்கு என்று கேட்டேன். மகன் ஒன்றை மெழுகால் அடைத்து ஊதிக் காட்டினார். சுருதி நகர்ந்துவிட்டது. மெழுகைச் சுரண்டி எடுத்தார், சரியாக வந்து உட்கார்ந்தது. வாத்தியத்தைச் சுருதி சேர்ப்பதே அந்த ஐந்தில்தான்.

பழைய நாளில் திமிரி நாகஸ்வரம்தான் புழக்கம். குட்டை, சுருதி அதிகம். கோபுரவாசலில் வாசித்தால் ஊர் எல்லைக்குக் கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்திமம் என்ற சுரம் இயல்பாகப் பேசாது. வாசிப்பவர்தான் ஊதும் பக்குவத்தால் தணித்துக் கொண்டுவர வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்து, நீளமான பாரி நாகஸ்வரத்தைச் சரிப்படுத்தித் தந்தவர் இந்த ஊர் ரங்கநாத ஆசாரி. செய்து கொடுத்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு. இன்றைக்கு மேடையில் நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டரை அடிக்கும் மேலான பாரிதான். வாசித்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். செய்தவர் பெயர் இந்தத் தெருவுக்கு வந்தால்தான் காதில் விழுகிறது.

பெரியவர் உள்ளே போய்த் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வந்தார். முடிந்த வாத்தியம், யாரோ சொல்லி வைத்தது. என் கையில் கொடுத்தார். நினைத்ததைவிடக் கனம். மூக்கருகே கொண்டுபோனால் எண்ணெயும் பழைய வீட்டு மச்சு வாசமும் சேர்ந்து அடித்தது.

"ஊதிப் பாருங்க" என்றார் மகன்.

ஊதினேன். காற்று மட்டும்தான் போனது. மறுபடி மூச்சைத் தேக்கி ஊதியபோது கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்து நின்றது. அடிவயிறு வலித்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தோடியை ஏழெட்டு நிமிடம் இழைத்திருக்கிறார், நான் மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அங்கிருந்து திருவாவடுதுறை கூப்பிடு தூரம். திருமூலர் அரசமரத்தடியில் அமர்ந்து திருமந்திரம் அருளிய தலம், ஆதீனம் இருக்கும் ஊர். நாகஸ்வரக்காரர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் இது முக்கியமான ஊர்: சீவாளி. வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்னஞ்சிறு பாகம். ஆற்றோரத்தில் வளரும் கொறுக்கைத் தட்டையை அறுத்து, காயவைத்து, வேகவைத்துப் பதப்படுத்தி, விசிறிபோல மடித்துக் கத்தரித்து, கெண்டை என்னும் உலோகக் குழாயில் நூலால் கட்டுகிறார்கள். ஒரு திண்ணையில் வயதான அம்மா ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை அவர் கால் கட்டைவிரலில், மறுமுனை பல்லில். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை.

"இது எத்தன நாளு வரும்மா?"

"அது ஊதறவங்க கையில இருக்கு. சிலரு பொண்ணு மாதிரி வச்சிருப்பாங்க."

நாகஸ்வரத்தில் ஒரு கொத்துச் சீவாளி கயிற்றில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்று நனைந்து களைத்தால் அடுத்தது, அது போனால் இன்னொன்று. கூடவே தொங்கும் ஊசி, வாயைச் சீர்செய்ய.

ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் திருமருகலில் பிறந்து, இந்த ஊர்ப் பெயரைத் தாங்கி, 1956-இல் மறைந்தவர். நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், துண்டை இடுப்பில் கட்ட வேண்டும் என்றிருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று சொல்லி நடத்திக் காட்டியவர். தாத்தா அவர் வாசித்து நேரில் கேட்டவராம். சுவாமி புறப்பாட்டில், தெருவில் நடந்துகொண்டே. "விடியற வரைக்கும் ஒரே தோடி" என்று தாத்தா சொன்னதை அப்பா எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். இன்று ஊர்த் தெருவில் நடக்கும்போது நூற்றியோராவது தடவை சொன்னார். இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

நாள் 4: கும்பகோணத்திலிருந்து திருவாரூர்

கிளம்பும் முன் கும்பகோணத்திலேயே தவில் வேலை செய்யும் ஒரு வீட்டுக்குப் போனோம். பலாமரத்தில் குடைந்த கட்டை. இரண்டு பக்கமும் தோல். பழைய தவில்களில் தோல்வார் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும்தான். வேலை சுலபம், மழைக்காலத்திலும் பிடித்து நிற்கிறது. வார் கட்டிய தவிலின் நாதத்தில் ஒரு மென்மை இருக்கும் என்கிறார் அந்தத் தொழிலாளி. அவர் வீட்டில் ஒரு பழைய தவில் மட்டும் வாரோடு தொங்குகிறது, விற்க மாட்டாராம்.

வலக்கை விரல்களில் போடும் கூடுகளைக் காட்டினார். துணிச் சுற்றில் பசை தடவிக் காயவைத்து, கல்லுபோல் இறுகிய உறைகள். விரல் அளவுக்கு அவரவர் செய்துகொள்வது. இடக்கைக்குப் பூவரசங்குச்சி. ஓர் இளைஞன் அவரிடம் தவிலைப் பழுதுபார்க்க வந்திருந்தான். அவன் விரலைப் பார்த்தேன். கூடு போடும் கணு ஒவ்வொன்றிலும் தழும்பு. வயது இருபதுதான் இருக்கும். மாசியில் முகூர்த்தம் நிறைய, ஒரு நாளுக்கு இரண்டு இடம்கூட இருக்கும் என்றான். ஆடியிலும் மார்கழியிலும் வேறு வேலைக்குப் போகிறான்.

வலங்கைமான், நீடாமங்கலம் வழியாகத் திருவாரூர் போனோம். இந்தச் சாலையில் ஊர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் கச்சேரி அழைப்பிதழ் படிப்பது போலிருக்கிறது. வலங்கைமான் என்றால் சண்முகசுந்தரம் பிள்ளை. நீடாமங்கலம் என்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பக்கத்தில் ஹரித்வாரமங்கலம், பழனிவேல். எல்லோரும் தவில் மேதைகள். பெயருக்கு முன்னால் ஊரைச் சுமந்தவர்கள். நாகஸ்வரத்தில் எடுத்தால் திருவீழிமிழலை, திருவெண்காடு, செம்பனார்கோவில், நாச்சியார்கோவில். ஆந்திராவில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப், தஞ்சாவூர்ப் பாணி வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். 1999-இல் காலமாகும்வரை அவருக்கு அரங்கன் சந்நிதி வேறு, வீடு வேறு என்று இருந்ததில்லை.

திருவாரூரில் அப்பா முதலில் பார்க்க ஆசைப்பட்டது சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த இடங்கள். சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் இந்த ஒரே ஊரில், பதினைந்து வருஷ இடைவெளிக்குள் பிறந்தவர்கள். வணங்கிவிட்டுக் கமலாலயக் குளக்கரையில் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தோம்.

கோயிலுக்குள் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்தோம். பெரிய குடத்தின் மேல் ஐந்து முகம், ஐந்திலும் தோல். சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்று சிவனின் ஐந்து முகத்துக்கும் ஒவ்வொன்று. பழைய தமிழில் இதுதான் குடமுழா. இந்தக் கோயிலிலும் திருத்துறைப்பூண்டியிலும் இருக்கிறது. ஐந்து முகத்திலும் ஐந்து விதமான நாதம் எழும்.

திருவாரூரில் சாயரட்சை என்னும் மாலைப் பூஜை விசேஷம். முப்பத்து முக்கோடி தேவர்களும் வந்து கும்பிடும் நேரம் என்பார்கள். போகிற வழியில் வேறோர் ஊரில் ஒரு சின்னக் கோயிலுக்குள் நுழைந்திருந்தோம். அங்கே தீபாராதனைக்குச் சுவிட்சைப் போட்டார்கள். மணியும் முரசும் இயந்திரத்தில் தானாக அடித்தன, சுவிட்சை அணைத்ததும் நின்றன. அது மனசில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அதனாலோ என்னவோ, இங்கே பிராகாரத்தில் நாகஸ்வரம் எடுத்த முதல் மூச்சிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு நாகஸ்வரம், ஒரு தவில். சுருதிக்கு ஒத்து ஊத ஆள் இல்லை, சுருதிப்பெட்டிதான். வாசித்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணி ராகம் என்றார் அப்பா என் காதில். தீபாராதனைக்குக் கூட்டம் சந்நிதிக்குள் நெருக்கிக்கொண்டு போனது. நாங்கள் போகவில்லை. தூணோரமாக உட்கார்ந்து அவர் முடிக்கும்வரை கேட்டோம். இடையில் ஒரு தடவை சீவாளி மாற்றினார். நனைத்த புதுச் சீவாளியை உதட்டில் வைத்து, தவில்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. விட்ட இடத்திலிருந்தே கல்யாணி எழுந்தது. என் பக்கத்தில் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் அப்பா எழுந்துபோய் அவர் எதிரே நின்றார். மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லாருந்துதுங்க. நிஷாதத்துல நின்னீங்களே, அங்க" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டீங்களா அய்யா? கூட்டத்துல தெரியல." பெயரைக் கேட்டோம், சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன். இங்கே போட அவர் அனுமதி வாங்கவில்லை, அதனால் போடவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வாசிக்கிறாராம். புறப்பாட்டு நாள் என்றால் மல்லாரியில்தான் தொடக்கம், சாகித்தியம் கிடையாது, கம்பீர நாட்டையில் வெறும் சுரமும் தவிலும்தான், அதைத் தெருவில் கேட்க வேண்டும், பங்குனியில் தேருக்கு வாருங்கள் என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ராத்திரி இங்க தங்குறீங்களா? காலையில நடை திறக்கையில பூபாளம் வாசிப்பேன். அப்ப யாரும் இருக்க மாட்டாங்க, நல்லா கேக்கலாம்" என்றார்.

எங்களுக்குக் காலை ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து ரத்து செய்தேன்.

விடுதியில் இப்போது மணி பதினொன்று. அப்பா தூங்கவில்லை, விரலால் கட்டில் சட்டத்தில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். அலாரம் நாலு மணிக்கு.